அரசி டாக்டர் மூடச் சொன்ன மதகு

என் பெரிய பேத்தி கவிதா கம்ப்யூட்டர் படித்து முதல் வகுப்பில் தேறி, சென்னையில் கண்ணாடி வைத்த பெரிய கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். பேரன் பிரபு டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறான். அவனைவிட வயதில் மூத்தவர்கள் அவனிடம் கேட்டுத்தான் வேலை செய்கிறார்கள். சின்னப் பேத்தி சுகன்யா பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். மகள் வயிற்றுப் பேரன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினான். அந்தக் கோப்பை அவன் வீட்டில் இல்லை, எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். சென்ற மாதம் ஆர்.கே.பேட்டையிலிருந்து கவிதாவைப் பெண் கேட்டு வந்திருந்த அம்மாளிடமும் இதே வரிசையில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோப்பை வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது என் மகன் தாமோதரன் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றான்.

“எம்மா, அரசி டாக்டர் தவறிட்டாங்களாம்.”

வந்த அம்மாள், “யாரு, உறவா?” என்று கேட்டார். உறவு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்குக் கொண்டுவந்த காபியைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேனாம். மருமகள் பிறகு சொன்னாள். திருநின்றவூரில் எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆன பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

நம் சங்கத்து இதழில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழைகளைச் சுகன்யா திருத்தித் தந்தாள், விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை. மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. உப்பங்கழி ஓரத்தில் இறால் குட்டை வைத்திருக்கும் நமக்கெல்லாம் அவர் அரசி டாக்டர். இறாலுக்கு வரும் வைரஸ் நோயைச் சோதித்துச் சொல்பவர். தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே, ஒரு தீனிக் கம்பெனிக்காரர்கள் மாடியில் வைத்திருந்த சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். பிறந்தது பொதட்டூர்பேட்டை. திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார்.

முதல் நாள் எங்கள் குட்டைக்கு வந்தபோது செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, சுடிதார் காலை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு நேராகச் சேற்றில் இறங்கினார். படித்த பெண்பிள்ளை வந்திருக்கிறாளே என்று நான் இறால் வறுத்து வைத்திருந்தேன். தட்டைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டார்.

“இறாலு மட்டும் வேணாம் ஆயா. பேஷண்ட்டை யாராவது துன்னுவாங்களா?”

கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “இது செத்தப்புறம் வந்த கேசு, பரவால்ல,” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குக் கருவாடு.

சுனாமி வந்ததற்கு முந்தின வருடம், சித்திரை மாதம். இறால் சரியாகத் தின்கிறதா என்று பார்க்க, வலை கட்டிய தட்டில் கொஞ்சம் தீனி வைத்துக் குட்டைக்குள் இறக்குவோம் இல்லையா? தீனி மிச்சமாக வந்தால் நமக்குக் கவலை, தட்டு காலியாக வந்தால் சந்தோஷம். அந்த வாரம் எங்கள் தட்டு நேரத்துக்கு முன்பே காலியாகிக்கொண்டிருந்தது. மகன் தாமு குஷியில் தீனியைக் கூட்டினான். கரையோரத்தில் யாரைப் பார்த்தாலும் எங்கள் இறால் தின்கிற அழகைத்தான் பேசினோம். அரசி டாக்டர் வந்ததும் முதல் வேலையாகத் தட்டைத் தூக்கிக் காட்டினான்.

“பாருங்க டாக்டர், வழிச்சி நக்கி வச்சிகீது.”

அவர் தட்டைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஓரத்தைப் பார்த்தார். அங்கே சில இறால்கள் மந்தமாகக் கரையை ஒட்டி நின்றன. ஒன்றைக் கையாலேயே பிடித்தார். அது துள்ளவில்லை. அதன் தலை ஓட்டைப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். சுண்ணாம்பை விரலால் தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

“தீனியை நிறுத்து தாமு. இப்பவே.”

“இன்னா டாக்டர், நல்லா துன்னிகினு கீற நேரத்துல? உங்க கம்பெனி தீனிதான அது!”

“துன்னுது. ஆனா துன்றது அதுக்குச் சேரல. இன்னும் ரெண்டு நாள்ல அதுவும் நின்னுடும்.”

தாமு விடவில்லை. “பவுடர் மருந்து வாங்கியாந்துடறேன். போன தபா வாலு அழுகினப்ப அதுதான கேட்டுச்சி?”

“அது வேற, இது வேற. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒண்ணு மாதிரி வச்சிக்கோ. மிஷினு, கரண்ட்டு, ஆளு எல்லாம் ஓனருது. ஒருத்தன் உள்ள பூந்து டிராயிங்கை மட்டும் மாத்திடறான்...”

“கம்பெனியெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும். எனக்குப் புரியற மாதிரி சொல்லு,” என்றேன் நான்.

அவர் திரும்பி, கரையில் நாங்கள் போட்டிருந்த சமையல் கொட்டகையைப் பார்த்தார்.

“உங்க ஊட்டுக்கு ஒருத்தன் வரான் ஆயா. அரிசி எடுத்துனு வரல. பானை இல்ல, விறகு இல்ல. சமைக்கக் கையிகூட இல்லன்னு வச்சிக்கோங்க. ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வச்சிகினு வரான். என்னை மாதிரியே இன்னொருத்தனை எப்படிச் செய்யறதுன்னு அதுல எழுதியிருக்கு. அடுப்பாண்ட போய் அந்தச் சீட்டை நீட்டறான். உங்க மருமக, இது மாமியா சொன்ன வேலைன்னு நெனச்சிகினு செய்ய ஆரம்பிச்சிடறா.”

“என் மருமவ நானே சொன்னாலும் செய்யமாட்டா.”

அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டகைக்குள்ளிருந்து மருமகள், “கேட்டுச்சி, கேட்டுச்சி,” என்றாள்.

“இறாலு உடம்புல கீற செல்லு செய்யும் ஆயா. சீட்டு யாருதுன்னு அதுக்குப் பார்க்கத் தெரியாது. உங்க அரிசி, உங்க விறகு, உங்க ஆளு. ஆனா எறக்கி வைக்கிறதெல்லாம் அவனுங்க. ஊட்டு வேலை அத்தனையும் நின்னு போவுது. உள்ள எடம் பத்தாம செவுரு உடையுது. வெளிய வரவன் ஒவ்வொருத்தனும் ஆளுக்கு ஒரு சீட்டோட அடுத்த ஊட்டுக்குப் போறான்.”

“அடிச்சித் துரத்த மருந்தே இல்லியா?”

“வால் அழுகற கிருமி சொந்தமா அடுப்பு வச்சிகினு இருக்கும். மருந்து அந்த அடுப்பை அணைச்சிடும். இவனுக்கு ஏது அடுப்பு? எரியறது உங்க அடுப்பு. அவனை நிறுத்தணும்னா அதைத்தான் அணைக்கணும்.”

மறுநாள் தாமுவோடு நானும் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். மாடிப்படி முழுக்க இரும்புத் தூள் படிந்திருந்தது. ஆனால் அவருடைய அறைக்குள் ஒரு தூசி இல்லை. எங்கள் இறாலின் செவுளில் ஒரு துளி கிள்ளி, சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் நான் தடுமாற, அவரே என் இடக்கண்ணைக் கையால் பொத்தினார். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. சில சின்னதாக, அடக்கமாக இருந்தன. சில ஊதிப்போய், பக்கத்தில் இருந்ததை நெருக்கிக்கொண்டு இருந்தன.

“அந்த ஊதினது?”

“அந்த ஊட்டுல அடுப்பு இப்ப அவனுக்குத்தான் எரியுது ஆயா,” என்றார். அப்போதும் என் கண்ணைப் பொத்திய கையை எடுக்கவில்லை. தாமு அழுதுகொண்டிருந்ததை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

இனி நான் எழுதப் போவதைக் கழியோரத்துக்காரர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நோய் கண்ட குட்டையில் மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, மதகு வாயில் வலை கட்டினால், உயிரோடு இருக்கும் இறாலை ஒரே மூச்சில் பிடித்துவிடலாம். செத்து நாறுவதற்கு முன்னால் பாதி விலைக்காவது போகும். வடிகிற தண்ணீர் கழிக்குப் போகும். அதே கழியிலிருந்துதான் எல்லாரும் தங்கள் குட்டைக்குத் தண்ணீர் இறைக்கிறோம். அதுவரை நோய் வந்த யாரும் வேறு மாதிரி செய்ததில்லை. கும்மிடிப்பூண்டி போய் வந்த மறுநாள் விடிந்ததும் தாமு மதகுப் பலகையில் கை வைத்திருந்தபோது, முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்த அரசி டாக்டர் கரைமேல் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“தாமு, பலகையை எடுக்காத.”

“எடுக்காம? மொத்தமும் செத்து மெதக்கட்டுமா?”

“வீச்சு வலை போட்டுப் பிடி. கெடச்ச மட்டும் கெடைக்கட்டும். தண்ணி மட்டும் கழிக்குப் போகக் கூடாது. அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்டு அப்படியே தேக்கி வை. நான் சொல்றப்ப திற.”

“சொல்றது சுலுவு டாக்டர். குஞ்சு விடறப்ப நோயி இல்லன்னு சொன்னதும் நீங்கதான்!”

எனக்கு உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்த பெண்ணை இப்படிக் கேட்கிறானே என்று. அவர் முகம் சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

“நான்தான் சொன்னேன். நான் பார்த்த குஞ்சுங்கள்ல இல்ல. எல்லாத்தையும் அரைச்சிப் பார்த்தா குட்டையில விட ஒண்ணும் மிஞ்சாது. அந்தக் கோவத்தை என் மேல காட்டு. கழி மேல காட்டாத.”

அப்போது அடுத்த வளைவிலிருந்து முனிரத்தினத்தின் இறைக்கும் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் கழித் தண்ணீரைத் தன் குட்டைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தது. அந்தக் குட்டையை நம்பித்தான் பேசியிருந்தார்கள். தாமு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, பாதி தூக்கியிருந்த பலகையை இறக்கி, காலால் மிதித்து அழுத்திவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கரையில் உட்கார்ந்தான்.

அன்று முழுவதும் அவர் வேலைக்குப் போகவில்லை. வலை இழுத்தார். செத்ததைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினார். ஒரு காக்கை ஒரு இறாலைத் தூக்கிப்போய் அடுத்த குட்டையில் போட்டால் போதும், மதகை மூடி ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்லி, என்னையும் மருமகளையும் ஆளுக்கு ஒரு தகரத்தைத் தட்டச் சொன்னார். நாங்கள் தட்டிக்கொண்டே குட்டையைச் சுற்றினோம். எங்கள் கைக்குக் கிடைத்த இறால் கொஞ்சம்தான். மீதி வெள்ளாமை அந்தத் தண்ணீருக்குள்ளேயே போயிற்று. அந்த வருடம் கவிதாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எப்படிச் சேர்த்தோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் கழியோரம் முழுக்க நடந்தார். கொஞ்ச நாளைக்குக் கழித் தண்ணீரை ஏற்றாதீர்கள் என்று ஒவ்வொரு குட்டையாகச் சொன்னார். முனிரத்தினம் என்ன சொன்னார் என்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும்.

“தண்ணி மாத்தாம இறாலு எப்டிம்மா வளரும்? உங்க சோதனை மிஷினு நிறுத்தச் சொன்னா மழையும் நின்னுடுமா? இன்னா பேஜாரா பூட்ச்சு உங்களோட!”

திட்டிக்கொண்டேதான் எஞ்சினை நிறுத்தினார். எல்லாரும் நிறுத்தினீர்கள். அந்த வருடம் வேறு எந்தக் குட்டையிலும் நோய் வரவில்லை. தண்ணீர் மாற்றாததால் இறால் கொஞ்சம் பொடியாக இருந்தது, அவ்வளவுதான். அறுவடை நடந்தது. கல்யாணமும் நடந்தது. டீக்கடையில் பேச்சும் நடந்தது: “நோயி இல்லன்ன குட்டையில வந்துச்சி. வரும்ன குட்டையில ஒண்ணும் வரல. நல்லா பாக்குது டாக்டரம்மா மிஷினு!” அடுத்த பட்டத்திலிருந்து பலர் அவரிடம் குஞ்சு கொடுத்துச் சோதிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவருக்குப் பூச்சாண்டி டாக்டர் என்று பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இப்போது சொல்ல வேண்டாம்.

இது காதில் விழுந்து அவருக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும். என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். “வந்திருந்தா கண்ணாடியில வச்சிக் காட்டியிருப்பேன் ஆயா. வராததை எதுல வச்சிக் காட்டறது?” என்றார். பிறகு, குழம்பில் உப்பு கம்மி என்றார்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள் வந்தார். வேலை விஷயமாக இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றார். புடவை கட்டியிருந்தார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. கால் வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்டார். மருமகள் தம்ளரை எடுத்தவள் கொடுக்காமல் நின்றாள். வெள்ளைப் புள்ளி வந்த குட்டையை நேரில் பார்த்தவள் அவள், பயம் இருக்கத்தானே செய்யும். அதை அவர் கவனித்துவிட்டார்.

“இது தண்ணியில வராதும்மா. தம்ளர்ல வராது. ரத்தத்துல வரது. பி வைரஸுன்னு சொல்வாங்க. எப்ப வந்துச்சின்னே தெரியல. பொறக்கும்போதேகூட வந்திருக்கலாம். எத்தினியோ வருஷமா சத்தமில்லாம ஈரல்ல குந்திகினு இருந்திருக்கு.”

நான் என் தம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் அதே தம்ளரில் நானும் குடித்தேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளே போய்ச் சோறு போட்டு எடுத்து வந்தாள்.

“ஊரு இறாலுக்கெல்லாம் பார்த்தியே, உனக்குப் பார்த்துக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பார்க்கத் தோணல ஆயா. இதுக்கு அடக்கி வைக்க மருந்து கீது. நான் போய்ச் சேரறப்ப ஈரலு பாதி பூட்ச்சு.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “கண்ணாடியில பார்த்தீங்களே ஊதாவா? உள்ள நடக்கறது எனக்கு அப்படியே தெரியுது. மத்தவங்களுக்குத் தெரியாது, வலிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். எனக்கு ரெண்டும் தெரியுது.”

தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். “இல்ல ஆயா. யார் மேலயும் கோவம் வரல பாருங்க. அவனுக்குன்னு ஒரு கெட்ட எண்ணமும் இல்ல. அவனுக்கு அடுப்பு இல்ல, அவ்ளோதான்,” என்றார்.

அன்று சாயங்காலம் தாமு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் விட்டு வந்தான். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

செய்தி கேட்ட அன்று மாலை முனிரத்தினம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று தாமுவிடம் கேட்டார்.

“தாமு, அந்த வருஷம் நீ மதகைத் திறந்திருந்தா என் குட்டையில இன்னா ஆயிருக்கும்?”

“எங்குளுதுல இன்னா ஆச்சோ, அதான்.”

“நான் அந்தம்மாவை ரொம்ப ஓட்டிட்டேன்பா.”

“அவங்களுக்குத் தெரியும் நைனா,” என்றான் தாமு. வேறென்ன சொல்வான்? முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார். தன் பேரனுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பேர் எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அரசி டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பெரிய படிப்பு இல்லை. முன்பெல்லாம் நடந்ததை மட்டும் எண்ணுவேன்: இவள் தேறினாள், அவன் வென்றான், இத்தனை மூட்டை, இத்தனை கிலோ. இப்போது நடக்காததையும் எண்ணப் பழகியிருக்கிறேன். வராத நோய், நிற்காத கல்யாணம், அழாத வீடு. அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ யாரோ ஒருத்தர் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். கழியோரத்து வீடுகளில் அந்த வருடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் கேட்பது அதுதான்.

இன்னும் ஒன்று. சங்கத்து அஞ்சலி நோட்டீஸில் போட்டிருக்கும் படம் அவர் கல்லூரியில் படித்தபோது எடுத்ததாம். ரெட்டை ஜடை போட்ட அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அண்மையில் எடுத்த புதுப் படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், சங்கத்து முகவரிக்குத் தபாலில் அனுப்பி வையுங்கள். சேற்றில் நிற்கிற படமானாலும் சரி, கண் மஞ்சளாகி இளைத்துப்போன முகமானாலும் சரி. சங்கத்துச் சுவரில் மாட்டத்தான். முனிரத்தினம் பொன்னேரிக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்து வைத்திருக்கிறார். இன்னும் வெறும் சட்டமாகத்தான் இருக்கிறது.